பதினேழு வயதில் ஒரு 'பெஸ்ட் ஆஃப்': ஹிட்ஸ் தொகுப்புகள் ஏன் முந்திக்கொண்டு வருகின்றன?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேசட் காலத்தில் வளர்ந்தவர்களிடம் மைக்கேல் ஜாக்சன் என்று சொன்னால் 'த்ரில்லர்', 'பேட்', 'டேஞ்சரஸ்' என்று வரிசையாகச் சொல்வார்கள். பாட்டில் ஒரு வரிகூட விளங்காமல், பள்ளி ஆண்டு விழாவில் அந்த ஆட்டத்தை ஆடிப் பரிசு வாங்கியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. 'த்ரில்லர்' வந்தது 1982ல். அதற்கு ஏழு ஆண்டு முன்னதாக, 1975லேயே, 'தி பெஸ்ட் ஆஃப் மைக்கேல் ஜாக்சன்' என்று, பல பாட்டு அடங்கும் பெரிய எல்பி இசைத்தட்டு ஒன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. அவருக்கு 17 வயது நிரம்புகிற நேரம் அது. 'பில்லி ஜீன்' இல்லை, 'பீட் இட்' இல்லை, வழுக்கிக்கொண்டே பின்னால் போகிற அந்த நடையும் இல்லை. இன்று அவர் பெயரைக் கேட்டதும் மனதில் ஓடுகிற எதுவும் நடக்கும் முன்பே 'சிறந்தவை' என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

இதில் பாடகரின் பங்கு ஒன்றுமில்லை. ஜாக்சன் சகோதரர்கள் 1969 முதல் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். குழுவின் கடைக்குட்டிப் பையனாக முன்னால் நின்று பாடிய மைக்கேலைத் தனியாகவும் பாட வைத்து 1972க்கும் 1975க்கும் இடையே நான்கு ஆல்பம் போட்டார்கள். அவற்றில் பெரிய வெற்றி 'பென்'. ஒரு எலியோடு கொண்ட நட்பைப் பற்றிய படத்துக்காகப் பாடிய பாட்டு அது. 1972ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1975ல் சகோதரர்கள் மோட்டவுனை விட்டு சிபிஎஸ் குழுமத்தின் எபிக் கம்பெனிக்குப் போக முடிவு செய்தார்கள். 'ஜாக்சன் 5' என்ற பெயர் மோட்டவுனிடம் இருந்ததால் அதையும் விட்டுவிட்டு 'தி ஜாக்சன்ஸ்' என்று புதுப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலாளியின் மகளை மணந்திருந்த ஜெர்மைன் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார். ஆக, பையன் போகிறான், ஒலிநாடாக்கள் கம்பெனியின் அலமாரியில் இருக்கின்றன. அடுத்து என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்க வியாபாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

நாம் வேறு மாதிரி நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு பாடகர் இருபது, முப்பது ஆண்டுகள் பாடி, நரை தட்டிய பிறகு யாரோ உட்கார்ந்து அளந்து பார்த்து, இவைதான் இவருடைய சிறந்த பாட்டுகள் என்று எடுத்து வைப்பதாக ஒரு எண்ணம். நடைமுறையில் புதுச் சரக்கு இல்லாத நேரத்தில்தான் இந்தத் தொகுப்புகள் அதிகம் வந்திருக்கின்றன. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மாம்பழ சீசன் ஜூலையோடு ஏறத்தாழ முடிந்துவிடும். பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுக்க விற்கலாம். மரத்தில் காய் இல்லாத மாதத்தில்தான் டின்னுக்கு மவுசு.

இந்த வியாபாரத்துக்கு வழி போட்டது 1958. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் கொலம்பியா கம்பெனி 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஒரு எல்பியை வெளியிட்டது. பாடகர் ஜானி மேதிஸ், வயது 22. டெக்சாஸில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். கல்லூரியில் உயரம் தாண்டும் வீரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டிக்கு அழைப்பு வந்த நேரத்தில்தான் கொலம்பியாவில் பாடும் வாய்ப்பும் வந்தது. பாட்டைத் தேர்ந்தெடுத்தார். இந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வரும்போது அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தே இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார், புதிதாகப் பதிவு செய்ய நேரமில்லை, கடைக்காரர்களோ அடுத்த இசைத்தட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த மிட்ச் மில்லர், ஏற்கெனவே தனித்தனியாக வந்திருந்த சிங்கிள் தட்டுகளின் பாட்டுகளைச் சேர்த்து 12 பாட்டில் ஒரு எல்பி ஆக்கிவிட்டார்.

பழைய பாட்டுகளைச் சேர்த்து விற்பது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் இந்தப் பெயரும் இந்த அமைப்பும் ஒரு தனி வகையாக நிலைத்தது மேதிஸ் தட்டிலிருந்துதான் என்பது பொதுவான கருத்து. நிலைத்ததற்குக் காரணம் விற்பனை. 1958 ஜூனில் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதன் பிறகு பட்டியலைவிட்டுப் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. மொத்தம் 490 வாரம். அதாவது ஒன்பதே கால் ஆண்டுக்கும் மேல். அந்தச் சாதனையை முறியடிக்க 1983 வரை ஆனது. முறியடித்தது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. ஒரு இடைவெளியை அடைக்கச் செய்த ஏற்பாடு இத்தனை காலம் சாதனையாக நின்றதில் கம்பெனிக்காரர்களுக்கே ஆச்சரியம் இருந்திருக்கும்.

மேதிஸ் தட்டு வந்த அதே மார்ச்சில், சில நாள் இடைவெளியில், ஆர்சிஏ விக்டர் கம்பெனி 'எல்விஸ் கோல்டன் ரெக்கார்ட்ஸ்' வெளியிட்டது. வெளியான தேதி மார்ச் 21. மார்ச் 24 அன்று எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவை. இரண்டு ஆண்டுகள் ஆள் கிடைக்க மாட்டார். 23 வயதுப் பாடகர், அந்தக் கம்பெனியில் பாடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள், 14 பாட்டுத் தொகுப்பு. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

சரி, பாட்டெல்லாம் ஏற்கெனவே விற்றவைதானே, மறுபடி யார் வாங்குவார்கள்? அன்றைய இசைத்தட்டுச் சந்தை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்பியைக் கொலம்பியா 1948ல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ 45 சுற்றுச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் இரண்டு பாட்டு கொண்ட இந்தச் சிறு தட்டு இளவட்டங்களின் சரக்கு. காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸில் ஓடுவதும் இதுதான். எல்பி பெரியவர்களின் சரக்கு. விலை அதிகம், வரவேற்பறையில் பெரிய பிளேயர் இருக்கும் வீட்டுக்கானது. ஹிட்டான சிங்கிளை எல்பியில் சேர்க்க வேண்டும் என்ற வழக்கமே அப்போது உறுதியாக இல்லை. மேதிஸின் பிரபலப் பாட்டுகளில் பெரும்பாலானவை எந்த எல்பியிலும் இல்லாதவை. ஆகவே பெரிய பிளேயர் வைத்திருந்தவருக்கு அந்தத் தொகுப்பு புதுச் சரக்குதான். ஆறு சிறு தட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டிய பாட்டுகளை ஒரு தட்டில், நடுவில் ஒரே ஒரு முறை திருப்பிப் போட்டுக் கேட்கலாம், அந்த ஆறின் மொத்த விலையைவிட விலையும் குறைவு.

கம்பெனிக்கு இதைவிடப் பெரிய லாபம் செலவில் இருந்தது. வாத்தியக் குழுவுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் என்றோ பணம் கொடுத்து முடித்தாயிற்று. பாட்டு ஓடுமா ஓடாதா என்ற பயமும் கிடையாது, ஏனென்றால் ஏற்கெனவே ஓடிய பாட்டு. புதிதாகச் செலவு என்றால் அட்டைப்படம், அச்சு, விளம்பரம்.

பிற்பாடு ஒப்பந்தங்கள் இறுகியபோது இன்னொரு சூட்சுமம் சேர்ந்தது. இத்தனை ஆல்பம் பாடித் தர வேண்டும் என்று பாடகர் கையெழுத்துப் போடுகிறார். பல ஒப்பந்தங்களில் ஹிட்ஸ் தொகுப்பு இந்தக் கணக்கில் சேராது. ஐந்து ஆல்பத்துக்கு ஒப்பந்தம் என்றால் நடுவில் தொகுப்பு வந்தாலும் ஐந்தையும் பாடித்தான் ஆக வேண்டும். பாடகர் கம்பெனி மாறினால் பழைய ஒலிநாடாக்களின் உரிமை பழைய கம்பெனியிடமே இருக்கும். அதைத் தொகுப்பாக வெளியிட அவரைக் கேட்கக்கூடத் தேவையில்லாத நிலை பல ஒப்பந்தங்களில் இருந்தது. மோட்டவுன் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 'த்ரில்லர்' உலகத்தைக் கலக்கிக்கொண்டிருந்த 1984ல், 1973ல் பதிவாகி வெளிவராமல் கிடந்த மைக்கேலின் பாட்டுகளைத் தோண்டி எடுத்து, மேலே புது வாத்தியம் சேர்த்து ஓர் ஆல்பமாகப் போட்டது. விடலைப் பருவத்துக் குரல், எண்பதுகளின் பின்னணி. கேட்பதற்கு எனக்கு என்னவோ போல இருக்கும், ரசித்தவர்களும் உண்டு.

எல்லாப் பாட்டும் ஏற்கெனவே வைத்திருக்கும் ரசிகரையும் விடக்கூடாது என்று ஒரு தூண்டில் போட்டார்கள். தொகுப்பில் இரண்டு மூன்று புதுப் பாட்டு. மடோனாவின் 'தி இமாகுலேட் கலெக்‌ஷன்' (1990) பழைய பாட்டு 15, புதுசு 2. பிரிட்னி ஸ்பியர்ஸ் 2004ல் ஹிட்ஸ் தொகுப்பு வெளியிட்டபோது அதில் புதுசு 3. பிரிட்னியின் வயது அப்போது 22. 1958ல் மேதிஸுக்கு இருந்த அதே வயது. இந்த வகை பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய பிறகும் அது பிறந்த வயதை விட்டு நகரவில்லை என்று சொல்லலாம் போலிருக்கிறது. பிரிட்னியிடம் அப்போது நான்கு ஆல்பம் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேதிஸ் அளவுக்கு அவசரம் இல்லை.

அவசரத்தின் விலையைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் ஈகிள்ஸ். தனிப் பாடகர் இல்லை, இசைக்குழு. 1976 பிப்ரவரியில் அவர்களுடைய 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971-1975' வந்தது. அமெரிக்காவில், பத்து லட்சம் விற்பனையைக் குறிக்கும் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் ஆல்பம் அதுதான். 2018 கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் 3.8 கோடிப் பிரதிக்கான சான்று. ஆனால் ஈகிள்ஸ் என்றதும் பெங்களூரு கடைகள் முதல் ஓசூர் தொழிற்பேட்டை விடுதிகள் வரை கிட்டார் பிடித்தவர்கள் வாசித்துப் பார்க்கிற 'ஹோட்டல் கலிபோர்னியா' அதில் இல்லை. அந்த ஆல்பம் வந்தது அதே ஆண்டு டிசம்பரில்! குழுவின் பெயர் சொல்லும் பாட்டு பிறப்பதற்குப் பத்து மாதம் முன்பே, அவர்களுடைய 'மிகச் சிறந்தவை' விற்பனைக்குப் போய்விட்டது.

தமிழில் இந்தக் கதை வேறு தடத்தில் ஓடியது. இங்கே பாப் பாடகர் என்று ஒரு தொழில் பெரிதாக வளரவில்லை. இலங்கை வானொலி வழியாக வந்த பொப் பாடல்கள் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து வானொலிப் பெட்டிகளிலும் ஒலித்தன, ஏ.இ.மனோகரன் கச்சேரி என்றால் கூட்டம் கூடும். அவரைப் பொறுத்தவரை 'சுராங்கனி' என்ற ஒரே பாட்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. மற்றபடி பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டின் இசைத்தட்டு படத்தின் பெயரில் வரும். பாடகருக்கு அதில் ஒரு வரி இடம்.

இதனால் ஒரு விநோதம் நடந்தது. டி.எம்.சௌந்தரராஜன் பாடிய பாட்டுகளின் தொகுப்பு எங்கள் ஊர்க் கடைகளில் அவர் பெயரில் அதிகம் தென்படாது. 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' என்று ஒன்று, 'சிவாஜி சோகப் பாடல்கள்' என்று ஒன்று. குரல் ஒருவருடையது, தொகுப்பு இரண்டு முகங்களின் பெயரில். பக்கத்துப் பக்கத்து அட்டைகளில் இரண்டு கட்சி போலப் பிரிந்து இருக்கும். டி.எம்.எஸ். தம் பெயரிலேயே நின்றது முருகன் பாட்டுகளில். திரையில் முகம் காட்ட யாரும் இல்லாததால் அங்கே குரலுக்கே மரியாதை. 'தத்துவப் பாடல்கள்' என்ற வகையும் நாமே உண்டாக்கியதுதான். வேறு எந்த ஊரில் வாழ்க்கைத் தத்துவம் தனி கேசட்டாக விற்றது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மேதிஸ் தட்டின் உண்மையான தமிழ் உறவுக்காரர் என்று நான் நினைப்பது கம்பெனி கேசட்டை இல்லை, ரெக்கார்டிங் சென்டரை. பிலிப்ஸ் 1963ல் கேசட்டைக் கொண்டுவந்தது. எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைத் தூக்கி வந்த பிறகுதான் நம் ஊர்களில் அது பரவியது. எண்பதுகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், பாலக்கோடு என்று பேருந்து நிலையம் இருந்த இடமெல்லாம் பக்கத்திலேயே பாட்டுப் பதிந்து தரும் கடைகள் முளைத்தன. கடையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். படவாரியாகப் பாட்டுகளின் முதல் வரி எழுதியிருக்கும். நாம் துண்டுச் சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 கேசட்டா 90 கேசட்டா என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் டப்பாவுக்குள் இருக்கும் இன்லே அட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டு வரிசை எழுதி, தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுத் தருவார்.

அந்த 60 என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பக்கத்துக்கு அரை மணி நேரம். தமிழ்ப் பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு, முட்டி மோதினால் ஏழு. மொத்தம் 12, 13 பாட்டு. 1958ல் மிட்ச் மில்லர் முன்னால் இருந்த அதே கணக்கு. பட்டியலில் இருபது பாட்டு எழுதிக்கொண்டு போனவர் எட்டை அடித்தாக வேண்டும். எதை அடிப்பது என்பதில்தான் ரசனை வெளியே வரும். ஏ சைடு முடிய இரண்டு நிமிடம் மீதி இருந்தால், "இன்னொரு பாட்டுக்கு எடம் பத்தாதுண்ணே, சின்னதா ஒன்னு இருந்தா சொல்லுங்க" என்பார் கடைக்காரர். நமக்குத் தோன்றாவிட்டால் அவரே ஒன்றைப் போட்டுவிடுவார். அப்படி இடம் நிரப்ப வந்த பாட்டு பிடித்துப்போய், அதைத் தேடிப் படத்தைப் பார்த்தவர்கள் உண்டு. இடம் கணக்கிடத் தெரியாத கடையில் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் 'டக்' என்று நின்றுவிடும். வருடக்கணக்கில் அப்படியே கேட்டுப் பழகியவர்களுக்கு, முழுப் பாட்டை எங்கேயாவது கேட்கும்போது அந்த இடம் வந்ததும் காது தானாக ஒரு நொடி நிற்கும்.

இது சட்டப்படி சரியான தொழில் கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1984ல் செய்த திருத்தம் இசைத்திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்தது. பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ எழுதியவருக்கோ அந்தத் துண்டுச் சீட்டுக் கேசட்டிலிருந்து ஒரு காசு போகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கம்பெனித் தொகுப்பிலும் அவர்களுக்கு ஒழுங்காகப் போனதா என்றால், கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் உரிமைத் தொகையை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்பு வந்ததே 2012 திருத்தத்தில்தான்.

தொகுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து 'சிறந்தவை' மாறும் என்பதற்கு எங்கள் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. 2004 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். தெற்கே தொப்பூர் கணவாய் தாண்டினால் சேலம். வடக்கே ஓசூர் தாண்டினால் கர்நாடகம். வடகிழக்கே பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு வீட்டுமொழி. பி.பி.ஸ்ரீநிவாஸ் ஹிட்ஸ் என்று தருமபுரியில் பட்டியல் போட்டால் ஜெமினி கணேசனுக்குப் பாடிய மெல்லிய காதல் பாட்டுகள் வரும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் அதே பெயருக்குப் பட்டியல் போட்டால் ராஜ்குமாருக்குப் பாடிய கன்னடப் பாட்டுகள் வரிசை கட்டும். இரண்டு பட்டியலிலும் ஒரு பாட்டுகூடப் பொதுவாக இருக்காது. இரண்டும் சரி. எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி கதையும் இதேதான்; தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரே கேசட்டில் மூன்று மொழி கலந்து பதிந்து வைத்திருப்பார்கள். எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு தொகுப்பைப் போட நினைத்திருக்காது, ஏனென்றால் மூன்று மொழி உரிமையும் மூன்று இடத்தில் கிடந்தது.

பஸ்காரர்களை விட்டுவிட்டுப் பேசினால் இந்தப் பகுதியின் பாட்டு வரலாறு முழுமையாகாது. சேலம்-தருமபுரி-கிருஷ்ணகிரி தடத்துத் தனியார் பஸ்களில் ஓடிய கேசட்டுகள் ஓட்டுநரும் நடத்துநரும் சேர்ந்து போட்ட பட்டியல். முதல் டிரிப்புக்குப் பக்திப் பாட்டு. வெயில் ஏறியதும் எண்பதுகளின் மெலடி. சாயங்காலம் கல்லூரி விடும் நேரத்துக்குப் புதுப்பட டூயட். கடைசி டிரிப்புக்கு, வேலை முடிந்து அசந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு, பழைய சோகம். எந்தப் பாட்டுக்கு ஜன்னலோரத்துத் தலைகள் ஆடுகின்றன என்பதை உள்கண்ணாடியில் பார்த்து அடுத்த கேசட்டை மாற்றிப் பதிவார்கள். கம்பெனிக்கு விற்பனைக் கணக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். இவர்களுக்குக் காரிமங்கலம் தாண்டும் முன்பே வந்துவிடும். கோயில் பண்டிகைக்கு மைக் செட் கட்டுகிறவர்களும் அப்படித்தான். எந்தப் பாட்டுக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வந்து "இன்னொரு தடவை போடு" என்பார் என்று அவர்களுக்கு அத்துப்படி.

தொகுப்பு பாடகரைப் பற்றிய நினைவையும் வடிகட்டிவிடுகிறது. மேதிஸின் முதல் ஆல்பம், 1956ல் வந்தது, ஜாஸ் சாயல் கொண்டது. அது பெரிதாக விற்கவில்லை. மிட்ச் மில்லர் அவரை மென்மையான காதல் பாட்டுப் பக்கம் திருப்பினார். அதில் வந்தவைதான் ஹிட்டுகள். 1958 தொகுப்பு அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து உலகத்துக்குக் காட்டியது. ஒன்பது ஆண்டுக்கு மேல் அது கடையில் ஓடிய பிறகு, அவருக்குள் ஒரு ஜாஸ் பாடகர் இருந்ததை நினைவு வைத்துக்கொள்ள யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. 22 வயதில் போட்ட பட்டியலே வாழ்நாள் முகமானது. மைக்கேல் ஜாக்சனுக்கு நடந்தது நேர் எதிர்: 1975 தொகுப்பு பெரிதாக விற்கவில்லை, அதனால் அவர் தப்பித்தார். அது ஓடியிருந்தால் 'எலிப் பாட்டுப் பாடிய பையன்' என்று ஒரு சட்டகத்துக்குள் கொஞ்ச காலமாவது மாட்டியிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாட்டையே மாற்றிவிடும் தொகுப்புகளும் உண்டு. நம் ஊர்க் கல்யாண மைக் செட் வரை வந்த போனி எம் குழுவின் 'தி மேஜிக் ஆஃப் போனி எம்' (1980) 20 பாட்டு கொண்ட எல்பி. குழுவின் முதல் ஆல்பம் வந்து நான்கு ஆண்டுதான். 20 பாட்டும் ஒரு தட்டில் அடங்க வேண்டும் என்பதால் பல பாட்டுகளைக் கத்தரித்துச் சுருக்கினார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சுருக்கிய வடிவம்தான் அசல்.

பிறகு எம்பி3 வந்து இந்தக் கணக்கையெல்லாம் உடைத்தது. 700 எம்பி சிடியில் 150 பாட்டு. எதையும் அடிக்க வேண்டிய தேவை இல்லை. பேருந்து நிலையத்துப் பதிவுக் கடைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளாக மாறின; சீட்டில் பட்டியல் எழுதுவது போய் "இளையராஜா ஃபுல்லா போட்டுவிடுங்க" என்று சொல்வது வந்தது. ஃபுல்லாகத்தான் போட்டும் தந்தார்கள், ஆயிரம் பாட்டு. கேட்டது என்னவோ முதல் நாற்பது. இப்போது செயலிகள் பாடகரின் பெயரைத் தட்டியதும் ஒரு பட்டியலை நீட்டுகின்றன. அதிகம் கேட்டது மேலே, குறைவாகக் கேட்டது கீழே. மேலே இருப்பதை எல்லோரும் தட்டுவதால் அது இன்னும் மேலேயே இருக்கும். மிட்ச் மில்லருக்கு ஆசையோ சுயநலமோ ஏதோ ஒன்று இருந்தது. ரெக்கார்டிங் கடைக்காரருக்கு இரண்டு நிமிட இடம் இருந்தது. செயலிப் பட்டியலில் இடம் நிரப்ப வந்த பாட்டு என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை.

பரணில் பழைய ரெக்கார்டிங் கேசட்டுகள் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னும் நிறையப் பேர். அதில் இருக்கும் பாட்டுகள் எல்லாம் இணையத்தில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். கிடைக்காதது அந்த வரிசை. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் உடனே பிளேயரில் போடக்கூடாது, ஹெட்டையும் கெடுக்கும். நன்றாக இருக்கும் நாடாவை ஒரு முறை கடைசி வரை ஓட்டி, மறுபடி சுற்றிவிட்டு, இயர்போன் துளையிலிருந்து வயர் எடுத்துக் கணினியில் பதிந்துகொள்ளலாம். பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிவது நல்லது. பாட்டு பாட்டாக வெட்டினால் நடுவில் நிற்கும் அந்தக் கடைசிப் பாட்டைத் தேவையில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவோம். அதற்கும் முன்னால் இன்லே அட்டையின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள், சிவப்பு மை சீக்கிரம் மங்கிவிடும்.